ஆரோக்கிய ஜெகன்: செல்லுபடி 2013 வரை

செத்துப்போனவன் பரீட்சை எழுதிப் பாஸாகியிருந்தான். உயிரோடு இருக்கும் நான் அதே பரீட்சையில் இரண்டு முறை ஃபெயில்.

அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அற்பமான எண்ணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த தாயின் முகத்தைப் பார்த்தபின் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நான் வாயை மூடிக்கொள்வது அபூர்வம்.

2011, பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். கடலூர் புதுப்பாளையத்தில் புஷ்பமேரியின் வீடு. கூடத்தின் நடுவில் துணிமணி அடுக்கிய பெட்டி ஒன்று பூட்டித் தயாராக இருந்தது.

"என் புள்ள உயிரோட இருக்கான் மேடம். கம்ப்யூட்டர் வேலைன்னா பெங்களூர்லதான் இருப்பான்னு சொல்றாங்க. நாளன்னைக்குக் கெளம்புறேன். அதுக்குள்ள எந்த எடத்துல இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க," என்றார் புஷ்பமேரி.

அவர் மேடம் என்றது தைலம்மாள் அக்காவை. அக்கா கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் ஆபரேட்டர். ஊரார் பேச்சைச் சும்மா கேட்டது போதும் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் கண்ணாயிரம், அவருடைய ஒரே உதவியாளன். பெயரில் ஆயிரம் கண், மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி.

வாசல் நிலையைப் பிடித்தபடி புஷ்பமேரியின் கணவர் அந்தோணிசாமி நின்றிருந்தார். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு வந்திருந்தார். நேற்று எங்கள் ஆபீஸுக்கு வந்து அவர் சொன்னது வேறு. "பையன் இல்லன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட ஆறு வருஷமா சொல்லித் தோத்துட்டேன். நீங்களாவது நிரூபிச்சிக் காட்டுங்க. ஊர் தெரியாத ஊர்ல போயி அவ தெருத்தெருவா அலையறத என்னால பாக்க முடியாதுங்க."

ஒரே வீட்டில் இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவருக்கு மகன் வேண்டும், இன்னொருவருக்கு மகன் இல்லை என்ற உறுதி வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். ஆரோக்கிய ஜெகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிதம்பரத்தில் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆவதற்கான பயிற்சியில் சேர்ந்து, 2004 டிசம்பர் 24ஆம் தேதி ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சான்றிதழ்ப் பரீட்சையில் பாஸானான். மறுநாள் கிறிஸ்துமஸ். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனான். கடல் வந்தது. சைக்கிள் கிடைத்தது, ஜெகன் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அந்தோணிசாமி வெறும் பெயர்க்கல் ஒன்றை நட்டார். புஷ்பமேரி இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லை. கல்லறைத் திருநாளுக்குக்கூட.

இப்போது தபாலில் சான்றிதழ் வந்திருக்கிறது. பெயர் ஆரோக்கிய ஜெகன். வழங்கிய நாள் 2010 டிசம்பர் 10. செல்லுபடி 2013 டிசம்பர் 10 வரை.

"பழைய சர்ட்டிபிகேட்டு லேட்டா வந்திருக்குமோ?" என்று என்னைக் கேட்டார் அக்கா.

"இல்லக்கா. இந்தச் சான்றிதழுக்கு ஆயுசு மூணே வருஷம். முடியறதுக்குள்ள மறுபடி பரீட்சை எழுதிப் பாஸாவணும். விட்டா ரத்து, மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். 2004ல வாங்கினவன் 2007ல ஒரு தடவ எழுதியிருக்கணும், 2010ல ஒரு தடவ எழுதியிருக்கணும். எழுதாம தானா வராது. எனக்கு எழுதியே வரல."

புஷ்பமேரியின் முகம் மலர்ந்தது. என் விளக்கம் அவர் நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்துவிட்டது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

மேசைமேல் ஒரு பழைய செல்போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் பைபிள்.

"அவனோடதுதான். அன்னிக்கு மறந்து வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டான். மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன். நம்பரு கட்டாயிடக் கூடாதில்ல, வந்தா அவனுக்கு வேணுமே," என்றார் புஷ்பமேரி.

அக்கா கேட்காமலேயே பைபிளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னட்டையைத் திறந்தார். உள்ளே பென்சிலில் ஒரு போன் நம்பர்.

"இது யாரு நம்பரும்மா?"

"அது... அன்னிக்குக் காலையில எட்டு பத்துக்கு இந்தப் போனுக்கு வந்துச்சு. ராங் நம்பரு. வெச்சிட்டேன்."

அக்கா தலையாட்டிவிட்டு எழுந்தார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். "04144, சிதம்பரம் பக்கத்து கோடு. அடுத்த ரெண்டு நம்பரப் பாத்தா புதுச்சத்திரம் எக்ஸ்சேஞ்ச், சிதம்பரத்துலேருந்து கடலூர் வர்ற வழி. கண்ணாயிரம், ராங் நம்பரை யாராவது பைபிள்ல எழுதி வெப்பாங்களா?"

"என் மாமனார் நம்பரைத் தவிர வேற எதையும் நான் ராங் நம்பர்னு எழுதி வெச்சதில்லக்கா."

அக்கா சிரிக்கவில்லை. அன்று அவர் சிரிக்கவே இல்லை.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. செம்மங்குப்பம் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு, தாண்டியதும் கொத்சு பற்றிப் பேசத் தொடங்கினேன். கீழவீதியில் ஒரு ஓட்டலில் சம்பா சாதத்துக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றுவார்கள். அக்கா என்னை அந்த ஓட்டலைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், மாடிப்படி ஏற்றி, ஜெகன் படித்த 'வெள்ளாறு கம்ப்யூட்டர் அகாடமி' என்ற பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

உள்ளே ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் நீல நிறக் கேபிளைச் சீவிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேபிளின் முனையைப் பார்த்து, தப்பாக இருந்தால் வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உரிமையாளர் சேரன் எங்களைப் பார்த்ததும் நோட்டீஸை நீட்டினார்.

"அட்மிஷனா? யாருக்கு?"

"எனக்குத்தான் சார். ரெண்டு தடவ ஃபெயில். ஹாட்ரிக் அடிக்கலாம்னு," என்றேன்.

அக்கா பேச்சை வளர்க்காமல் சான்றிதழை மேசைமேல் வைத்தார். சேரன் பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். நோட்டீஸ் கையிலிருந்து நழுவியது.

"ஜெகன்... சுனாமியில போயிட்டானே. நானே மாலை வாங்கிட்டுப் போனேன். ஒடம்பு இல்ல, வாங்கின மாலைய வெச்சுட்டு வந்தேன்."

"அதுக்கப்புறமும் ரெண்டு தடவ பரீட்சை எழுதியிருக்கான். ரிஜிஸ்தரை எடுங்க."

பயிற்சி நடக்கும் இடத்திலேயே ஒரு சின்ன அறையில்தான் பரீட்சையும். ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. யார் எழுதினாலும் பேர், நேரம், கையெழுத்து, மேற்பார்வை செய்தவர் கையெழுத்து, மார்க் எல்லாம் ரிஜிஸ்தரில் இருக்கும். உடனே மூன்று ரிஜிஸ்தர்களைக் கொண்டுவந்தார் சேரன். இதில் மோசடி என்று அமெரிக்காவுக்குத் தெரிந்தால் அவருடைய லைசென்ஸ் போய்விடும்.

2004 டிசம்பர் 24. மாலதி, அடுத்த வரியில் ஜெகன்.

2007 டிசம்பர் 14. மாலதி, அடுத்த வரியில் ஜெகன்.

2010 டிசம்பர் 10. மாலதி, அடுத்த வரியில் ஜெகன்.

மூன்று கையெழுத்தையும் கண்ணாடியைக் கழற்றி மூக்கு முட்டப் பார்த்தேன். 'ஆ. ஜெகன்' என்று தமிழில், கடைசி 'ன்' எழுத்தின் வால் மேலே வளைந்து. மூன்றும் ஒன்றேபோல இருந்தன.

"அக்கா! அவன் உயிரோடதான் இருக்கான். அந்தம்மா சொன்னதுதான் நெசம்!"

அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

"மேற்பார்வைக் கட்டத்தப் பாரு," என்றார் அக்கா. "மாலதி எழுதுறப்போ மேற்பார்வை சேரன். ஜெகன் எழுதுறப்போ, பின்னால ரெண்டு தடவையும் மேற்பார்வை மாலதி. நேரம் பகல் பன்னெண்டரை. சார், பன்னெண்டரைக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்டுல சாப்பிட்டுட்டு படுத்திருப்பேன். நாலு மணிக்குத்தான் வருவேன். மாலதி எல்லாத்தையும் பாத்துக்கும். அது எங்க சீனியர் ட்ரெய்னர்ங்க, தங்கமான பொண்ணு."

"ரஃப் தாள் இருக்கா?"

பரீட்சையில் கணக்குப் போட ஒரு வெள்ளைத்தாள் தருவார்கள். முடிந்ததும் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி. சேரன் எதையும் கிழிக்கிற ஜாதி இல்லை. அவர் பரணில் ஏழு வருடத்துத் தாள் மூட்டை கட்டிக் கிடந்தது.

அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாத் தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்க உதவும் கணக்கு. உட்கார்ந்ததும் முதலில் இதை எழுதிக்கொள் என்று எல்லா வாத்தியாரும் சொல்லித்தருவார்கள். ஆனால் அந்த வரிக்கும் மேலே, தாளின் உச்சியில், ஒவ்வொரு பிள்ளையும் தன்னை அறியாமல் ஒன்றைப் போட்டிருந்தது. சிலதில் பிள்ளையார் சுழி. சிலதில் 786. சிலதில் சின்னச் சிலுவை.

"கம்ப்யூட்டரை நம்பி யாருமே பரீட்சைக்கு வரல போலிருக்கு," என்றேன்.

அக்கா மூன்று தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். மூன்றின் மூலையிலும் ஜெகன் பெயர். 2004ஆம் வருடத் தாளின் உச்சியில் சிலுவை. 2007ஆம் வருடத் தாளின் உச்சியில், தெளிவாக, பிள்ளையார் சுழி.

என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற புஷ்பமேரியின் மகன் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட மாட்டான். கையெழுத்தைப் பழகலாம். பேனாவை எடுத்ததும் கை தானாகச் செய்வதைப் பழக முடியாது.

"ஆள் மாறாட்டம். போலி," என்றேன். கோபம் வந்தது. "அந்த மாலதி செத்தவன் பேருல சான்றிதழ் வாங்கி எவனுக்கோ குடுத்திருக்கா. வெளிநாட்டுல ஒருத்தன் ஜெகன்ங்கற பேருல சொகமா உக்காந்திருப்பான். அந்தம்மா இங்க பெட்டி கட்டிகிட்டு... போலீஸ கூப்பிடுங்கக்கா."

அக்கா மூன்றாவது தாளை என் முன்னால் நகர்த்தினார். 2010.

அதிலும் பிள்ளையார் சுழிதான் முதலில் போடப்பட்டிருந்தது. ஆனால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக ஒரு சின்னச் சிலுவை வரைந்திருந்தது.

"ரஃப் தாளை யாரும் பாக்க மாட்டாங்க கண்ணாயிரம். கிழிச்சிப்போடற காயிதம். ஏமாத்துறவளுக்கு இதுல எதுக்கு சிலுவை? யாருக்குக் காட்ட?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"யாருக்கும் காட்ட இல்ல, அவனுக்காகப் போட்டது," என்றார் அக்கா. "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க சார்."

மாலதி வந்தாள். கையில் கேபிள் முனையில் பிளக் மாட்டும் குறடு. மேசைமேல் விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்ததும் குறடை மெல்லக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. ஓடவுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கேட்கட்டும் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தவளைப்போலச் சொல்லத் தொடங்கினாள்.

"அவனோட மெயிலு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். சேந்துதான் படிச்சோம். 2007ல ஒரு மெயில் வந்துச்சு. இன்னும் தொண்ணூறு நாள்ல உங்க சான்றிதழ் ரத்தாகும், உங்க பேர் பட்டியல்லேருந்து நீக்கப்படும்னு. ரேஷன் கார்டுல அவன் பேர அடிச்சிட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்ல அடிச்சிட்டாங்க. இந்த ஒரு லிஸ்ட்லதான் சார் அவன் இன்னும் இருந்தான். என்னால விட முடியல."

"அடையாள அட்டை?" என்றேன்.

"அட்மிஷனப்போ எல்லாரோட ஒரிஜினலையும் வாங்கி வெச்சுக்குவோம் இல்ல, அவன் காலேஜ் கார்டு இங்கயேதான் இருந்துச்சு. அவன் கையெழுத்தை நோட்டுல எழுதி எழுதிப் பழகினேன். அதுக்கே எனக்கு நாலு நோட்டு ஆச்சு." அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. "அவனுக்கு எப்பவுமே என்னைவிட மார்க் ஜாஸ்தி. அத மாத்தக்கூடாதுன்னு என் பரீட்சையில வேணும்னே ரெண்டு தப்பு போட்டுக்குவேன்."

ரிஜிஸ்தரைப் பார்த்தேன். மூன்று முறையும் ஜெகனுக்குத்தான் ஜாஸ்தி.

"மொதல் ரெண்டு சர்ட்டிபிகேட்டும் சென்டர் அட்ரஸுக்குத்தான் வந்துச்சு. எங்கிட்டதான் இருக்கு. இந்தத் தடவ வெப்சைட்ட மாத்திட்டாங்க. வீட்டு அட்ரஸுக்கு நேராப் போயிடும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அவன் அம்மா பெங்களூருக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்காங்க," என்றார் அக்கா. "நீ வந்து சொல்லணும்."

மாலதி தலையைப் பலமாக ஆட்டினாள். "லைசென்ஸ் போவட்டும், என் சான்றிதழ் போவட்டும், நான் வர மாட்டேன். அவுங்க முகத்தப் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல. அவன பீச்சுக்கு வரச் சொன்னதே நான்தான்."

அக்கா அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம காலையில சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறின. புதுச்சத்திரத்துல பஸ் நின்னு போச்சு. எட்டு பத்துக்கு அங்கேருந்து அவன் செல்லுக்கு அடிச்ச. சரிதானா?"

மாலதி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபது பிள்ளைகளும் கேபிளைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொத்சு ஞாபகம் எனக்கு அப்புறம் வரவேயில்லை.

புதுப்பாளையம் திரும்பியபோது மணி ஐந்து. பெட்டி அதே இடத்தில் இருந்தது. அந்தோணிசாமியும் இருந்தார். மாலதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க பையன் பரீட்சை எழுதலம்மா. அவன் பேர்ல இந்தப் பொண்ணுதான் எழுதிச்சு. ரெண்டு தடவையும், அவனவிட மார்க் கூடிடக் கூடாதுன்னு தன்னோட பரீட்சையில வேணும்னே தப்பு போட்டுகிட்டு."

புஷ்பமேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து வந்தார்.

"எழுத நீ யாருடி? எம்புள்ள பேர எடுத்து எழுத நீ யாரு? நான் அவன் வந்துட்டான்னு தெருவெல்லாம் சொன்னேனே. அவனுக்குப் புதுச்சட்டை எடுத்து அந்தப் பொட்டியில வெச்சிருக்கேனே!"

மாலதி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். "புதுச்சத்திரத்துலேருந்து அன்னிக்குப் போன் பண்ணது நான்தாம்மா."

புஷ்பமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசையிலிருந்து பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ராங் நம்பர் இல்ல," என்றார், கணவரைப் பார்த்து. "ஒரு பொண்ணு கொரல்ல ஜெகன் இருக்கானான்னு கேட்டுச்சு. ஒரு வெசயம் சொல்லணும்னுச்சு. காலங்காத்தால ஆம்பளப் புள்ளைய எதுக்குடி தேடுறன்னு திட்டிட்டு வெச்சிட்டேன். என்னான்னு கேட்டிருந்தா நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயி அவன கூட்டியாந்திருப்பீங்க. அரைமணி நேரம் இருந்துச்சுங்க. அரைமணி நேரம் முழுசா இருந்துச்சு."

ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த அந்தோணிசாமி, இப்போதுதான் எதனிடம் தோற்றோம் என்று தெரிந்துகொண்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண்ணாடி மங்கிப்போனது. துடைத்தேன். மறுபடி மங்கியது.

புஷ்பமேரி சான்றிதழை எடுத்து மகனின் பெயரை விரலால் தடவினார்.

"இது எதுவரைக்கும் இருக்கும்?"

"2013 டிசம்பர் வரைக்கும்மா," என்றாள் மாலதி.

"அதுவரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் எழுதாத. உன் பரீட்சையிலயும் தப்பு போட்டுக்காத."

மாலதி தலையசைத்தாள். புஷ்பமேரி கையை நீட்டி அவளைத் தன் எதிரில் உட்காரவைத்தார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மகனின் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்த? நான்தான் கேக்கலயே. இப்ப சொல்லு, கேக்குறேன்."

மாலதி அந்தச் செல்போனைப் பார்த்தபடி சொன்னாள்.

"பஸ்சு பஞ்சராயிடுச்சும்மா. நான் வர ஒம்போதரை ஆயிடும். அதுவரைக்கும் பீச்சுல நிக்க வேணாம்னு... வீட்டுக்கு வந்துடச் சொல்லுங்க."

புஷ்பமேரி செல்போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு அவன் கல்லறைக்குப் போறேன்," என்றார். "சொல்லிடறேம்மா."